தபால் சதுரங்கத்தில் தரப்புள்ளி

சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்நாளில் ஒரு புதிய கேள்வி பிறந்திருக்கிறது. முன்பெல்லாம், "வென்றாயா, தோற்றாயா?" என்று கேட்டனர். இப்பொழுதோ, "உன் எண் என்ன ஆயிற்று?" என்று கேட்கின்றனர். இளைஞர் ரேட்டிங் என்றும், தமிழில் எழுதுவோர் தரப்புள்ளி என்றும் வழங்கும் அவ்வெண், பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணுக்கு உடன்பிறந்ததுபோலத் தோன்றுகிறது. ஆகவே பெற்றோர் அதனை மதிப்பெண்ணாகவே கொண்டு பிள்ளைகளைக் கடிந்துகொள்கின்றனர். பத்துபஸ்தியில் ஞாயிறுதோறும் மாலையில் ஒரு வீட்டு முன்றிலில் கூடிச் சதுரங்கம் ஆடும் நாங்கள் நால்வர், இவ்வாண்டில் இக்கேள்வி காரணமாக ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே எழுந்த வழக்கைத் தீர்த்துவைக்க நேர்ந்தது. சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே வழக்கு இருக்கக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். தபால் சதுரங்கம் என்பது எதிராளியை எதிரே காணாமல் ஆடுவது. ஒருவர் தம் காய்நகர்த்தலை அட்டையில் எழுதித் தபாற்பெட்டியில் இடுவார். அது எதிராளி கைக்குப் போய்ச் சேரும். அவர் தம் வீட்டுப் பலகையில் காயை வைத்துப் பார்த்து, ஆர அமர யோசித்து, பதில் எழுதுவார். நாட்டுக்கு நாடு காய்களின் பெயர் வேறுபடுமாதலால், பெயரே வேண்டாது இலக்கங்களால் எழுதும் முறை ஒன்றையும் வகுத்திருந்தனர். பலகையின் நெடுவரிசைக்கும் கிடைவரிசைக்கும் 1 முதல் 8 வரை எண்ணிட்டு, புறப்படும் கட்டத்துக்கு இரண்டு இலக்கம், சேரும் கட்டத்துக்கு இரண்டு இலக்கம் என்று நான்கே இலக்கத்தில் நகர்த்தலை அடக்கிவிடுவர். 5254 என்று எழுதினால், வெள்ளை ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியது என்று பொருள். ரஷ்யரும் ஜெர்மானியரும் தமிழரும் ஒரே வகையாய்ப் புரிந்துகொள்ளக்கூடிய கடிதம் உலகில் வேறு எது உண்டு?

இவ்வாட்டத்துக்கென அனைத்துலக அஞ்சற் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் அமைந்தது. முதல் உலகப் பட்டத்தை 1953-இல் ஆஸ்திரேலியரான பர்டி என்பவர் வென்றார். 2004 முதல் அக்கூட்டமைப்பின் ஆட்டங்கள் இணையத்தின் வழியே சர்வர் மூலம் நடைபெறத் தொடங்கின. பத்து நகர்த்தலுக்கு ஐம்பது நாள் என்பது அங்கு வழக்கமான கெடு. இன்னும் பொதுமக்கள் திரளாய் ஆடும் இணையத் தளங்கள் உண்டு. அவற்றில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் முதல் பதினான்கு நாள் வரை கெடு வைத்துக்கொள்ளலாம். தபாற்காரர் மறைந்தார், தபால் என்னும் பெயர் மட்டும் எங்களிடம் நிலைத்துவிட்டது.

இத்தீவில் வாழ்வோர்க்கு இவ்வாட்டம் ஏற்றது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சென்னைக்குக் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள். ஒரு கடிதம் போய்ப் பதில் வர இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால், நாற்பது நகர்த்தல் கொண்ட ஆட்டம் முடிய எண்பது வாரம் ஆகும். இணையம் வந்த பின்னும் பல ஆண்டுகள் நமக்கு விண்கோளின் வழிதான் தொடர்பு. அது மழைக்கு மயங்கும். கூட்டம் மிகுந்தால் நகராது. கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கும் ஆட்டத்தை அத்தொடர்பில் ஆட முற்பட்டவர், பலகை திரையில் தெரிவதற்குள் நேரம் முடிந்து தோற்றிருப்பர். நாள்கணக்கில் கெடு உள்ள ஆட்டமே கைகூடிற்று. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட பிறகுதான் நிலைமை மாறிற்று. மாறிய பின்னும் பழகிய ஆட்டத்தை நாங்கள் விடவில்லை. ஊரில் உள்ள உறவினரோடு நாளொரு நகர்த்தலாய் ஆடுவது, நாளொரு வரியாய்க் கடிதம் எழுதுவதைப் போன்றதல்லவா?

வழக்குக்கு வருவோம். எங்கள் தெருவில் கட்டட மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். பரமக்குடியில் உள்ள அவன் மாமன் மகன் சதுரங்கத்தில் கெட்டிக்காரன். இருவரும் முகம் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று, தகப்பனாரே தம் கைப்பேசியில் மகனுக்கு ஒரு கணக்குத் தொடங்கித் தந்தார். பையன் ஆர்வ மிகுதியால் மாமன் மகனோடு மட்டுமின்றி, முன்பின் அறியாத ஒன்பது பேரோடும் ஆட்டம் தொடங்கிவிட்டான். தொடக்கத்தில் அவன் எண் 1500. இரண்டு மாதம் சென்றது. மூன்று ஆட்டம் முடிந்தது, மூன்றிலும் தோல்வி. எண் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் வந்து நின்றது.

"பாருங்கள் அண்ணே, இரண்டு மாதத்தில் முந்நூறு புள்ளியைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். பள்ளிக்கூடத்தில் முந்நூறு மார்க்கு குறைந்தால் சும்மா விடுவேனா?" என்று மேஸ்திரி கொதித்தார். பையன் அதற்கு மேலே போய்விட்டான். நடந்துகொண்டிருந்த ஏழு ஆட்டங்களையும் அப்படியே கைவிடுவதாகவும், இனிச் சதுரங்கப் பலகையைத் தொடுவதில்லை என்றும் சொல்லி அழுதான். அவ்வேழில் மாமன் மகனோடு ஆடும் ஆட்டமும் ஒன்று. அவன் தாயார்தான் எங்களிடம் வந்து, "அண்ணா, இவர்கள் இருவருக்கும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊரோடு இருக்கிற ஒரு பேச்சும் இதனால் அறுந்துபோகும் போலிருக்கிறது," என்றார்.

எடுத்துச் சொல்வதென்றால் கணக்கைச் சொல்ல வேண்டும். அக்கணக்கை வகுத்தவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் 1903-இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். நம்மைப் போல் வந்தேறிய குடும்பத்தார். மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார்; தாமும் சிறந்த சதுரங்க வீரர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு அவர் முறையை 1960-இல் ஏற்றது. ஃபிடே எனப்படும் உலகக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. 1992-இல் அவர் காலமானார். அவர் பெயராலேயே இன்றும் எலோ புள்ளி என்கிறோம்.

எலோவின் எண் ஒருவருடைய தகுதியைத் தனியே கூறுவதில்லை. இருவருடைய எண்களுக்கு இடையேயுள்ள வேறுபாடுதான் பேசும். அது பேசுவதும் எதிர்பார்ப்பு ஒன்றையே. இருவர் எண்ணும் ஒத்திருந்தால் நூறு ஆட்டத்தில் ஆளுக்கு 50 புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை என்பது புள்ளிக் கணக்கு. வேறுபாடு 100 ஆனால் மேலவருக்கு 64. 200 ஆனால் 76. 400 ஆனால் 91. எங்களுள் ஒருவன் இரயில்வே குமாஸ்தா. இரயில் ஓடாத தீவில் இரயில்வே குமாஸ்தாவா என்று நகைக்க வேண்டாம். கடல் கடந்து கரையேறியவர் ஊர் போய்ச் சேர இரயில் சீட்டு வேண்டாமா? சாளரத்தின் முன் நிற்போர், "வெயிட்டிங் லிஸ்ட் பன்னிரண்டு என்றால் இடம் கிடைக்குமா?" என்று கேட்பர். பெரும்பாலும் கிடைக்கும் என்று சொல்லலாமேயன்றி, கிடைக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்க இயலாது. தரப்புள்ளியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

எண் ஏறி இறங்கும் விதத்தை மேஸ்திரிக்கு நாங்கள் ஒரு தட்டைக் காட்டி விளக்கினோம். ஆடுவோர் இருவரும் ஆட்டத்துக்கு முன் ஒரு பொதுத் தட்டில் புள்ளிகளை வைக்கின்றனர். தட்டில் மொத்தம் 20 புள்ளி. ஆனால் இருவரும் சமமாக வைப்பதில்லை. எதிர்பார்ப்பு எவ்வளவோ அவ்வளவு வைக்க வேண்டும். 1700 எண்ணுடையவரும் 1500 எண்ணுடையவரும் ஆடினால், முன்னவர் 15 வைப்பார், பின்னவர் 5 வைப்பார். வென்றவர் தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்வார். ஆகவே மேலவர் வென்றால் அவருக்கு ஆதாயம் 5 மட்டுமே. கீழவர் வென்றால் ஆதாயம் 15. சமநிலையில் முடிந்தால் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்வர். அப்பொழுது ஐந்து வைத்தவர் பத்து எடுக்கிறார். பதினைந்து வைத்தவரும் பத்தோடு திரும்புகிறார். வலியவரோடு சமன் செய்தவனுக்கு எண் ஏறுவதன் சூட்சுமம் இதுவே. எல்லாரும் தத்தம் எதிர்பார்ப்பின்படியே ஆடிவந்தால், எவர் எண்ணும் நெடுநாளைக்கு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

தட்டின் அளவு ஆளுக்கேற்ப மாறும். ஃபிடேயில் புதிதாய்ச் சேர்ந்தவருக்கு 40, பிறர்க்கு 20, ஒருமுறை 2400-ஐத் தொட்டவருக்கு 10. புதியவரைப் பற்றி அறிந்தது சொற்பம். ஆகவே அவர் எண் விரைவாய் நகர வேண்டும். பழகியவரைப் பற்றி ஏராளமாய் அறிந்திருக்கிறோம். ஓர் ஆட்டத்தால் அது கலைந்துவிடக் கூடாது.

"அப்படியென்றால் இவனுக்கு இருபதுதானே போக வேண்டும்? முதல் ஆட்டத்திலேயே நூற்றுக்கு மேல் போயிற்றே!" என்றார் மேஸ்திரி. கொத்தனாரிடம் செங்கற் கணக்குத் தப்புமா? நல்ல கேள்விதான்.

இணையத் தளங்கள் பலவும் எலோவின் முறையை அப்படியே கையாள்வதில்லை. மார்க் கிளிக்மன் என்னும் அமெரிக்கப் புள்ளியியலறிஞர் 1995-இல் வகுத்த கிளிக்கோ முறையையோ, அதன் பின்வந்த திருத்தத்தையோ கையாள்கின்றன. அதில் ஒவ்வொருவருக்கும் எண் ஒன்றன்று, இரண்டு. ஒன்று அனைவரும் காணும் தரப்புள்ளி. மற்றொன்று, அப்புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் ஐய அளவு. புதியவருக்கு மூல விதிப்படி புள்ளி 1500, ஐய அளவு 350. ஐய அளவின் இருமடங்கை இருபுறமும் விரித்துப் பார்த்தால், "இவர் பெரும்பாலும் 800-க்கும் 2200-க்கும் இடையே எங்கோ இருக்கிறார்" என்பதே 1500 என்பதன் உண்மைப் பொருள். அதாவது, "இவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்பதை மரியாதையாகச் சொல்லும் வாசகம் அது. பையன் சம்பாதித்த 1500 அன்று. ஆகவே அவன் தொலைத்த 1500-உம் அன்று.

அன்று இரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, மூல விதிப்படி நாங்களே கணக்கிட்டுப் பார்த்தோம். எதிராளிகள் மூவருக்கும் நிலைபெற்ற 1500 என்றும், அவர்களுடைய ஐய அளவு 50 என்றும் வைத்துக்கொண்டோம். முதல் தோல்வியில் பையனுக்கு இறங்குவது 175. அவனை வென்ற பழைய ஆட்டக்காரருக்கு ஏறுவதோ ஏறத்தாழ 5. புதியவனை வென்றதால் அவரைப் பற்றி நாம் புதிதாய் அறிந்தது ஏதுமில்லையல்லவா? இரண்டாம் தோல்வியில் பையனுக்கு இறங்குவது 68. மூன்றாவதில் 41. தோல்வி ஒன்றுதான், ஆனால் இறக்கம் குறைந்துகொண்டே வருகிறது. ஆட ஆட ஐய அளவு 350-லிருந்து 190 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்பது ஒரு காரணம். இறங்கியவன் தோற்பது எதிர்பார்த்ததே என்பது மற்றொரு காரணம். கணக்கில் அவன் 1216-இல் வந்து நின்றான். தளம் காட்டிய எண் இதற்குச் சற்று வேறுபட்டதாயினும், போக்கு இதுவே. அங்கிருந்து 1500 உடைய ஒருவரை ஒரேயொரு முறை வென்றால் எவ்வளவு ஏறும் என்றும் பார்த்தோம்: 147. சமன் செய்தாலே 59 ஏறும். இதைக் கேட்டதும் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தான். தகப்பனார் மட்டும் பேசாமல் இருந்தார்.

தபால் சதுரங்கத்துக்கே உரிய நுட்பம் ஒன்று உண்டு. அதுவே இவ்வழக்கின் முடிச்சு. ஐந்து நிமிட ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் ஒரே வேகத்தில் வரும். இங்கு அப்படியன்று. படுதோல்வி பதினைந்து நகர்த்தலில் முடிந்துவிடும்; கெடு தவறிய தோல்வி அதற்கும் முன்னதாக வரும். ஈடுகொடுத்து ஆடும் ஆட்டமோ மாதக்கணக்கில் நீளும். பெரிய போட்டிகளில் ஆண்டுக்கணக்கிலும் நீளும். பத்து ஆட்டத்தை ஒரே நாளில் தொடங்கிய புதியவனுக்கு முதலில் முடிவது எவை? அவன் மோசமாகத் தோற்றவையே. அவன் நன்றாய் ஆடிக்கொண்டிருப்பவை இன்னும் நடந்துகொண்டிருக்கும்; கணக்கேட்டில் ஏறா. ஆகவே தபால் சதுரங்கத்தில் ஒருவனுடைய தொடக்க எண், அவனுடைய தோல்விகளை மட்டும் முதலில் எண்ணிக்கொண்டு வரும் எண். நெல் அறுக்கப் போனவன், முதல் நாள் பதரை மட்டும் தூற்றி எடுத்து விளைச்சல் இவ்வளவுதான் என்று சொன்னால் எப்படி? பையனுடைய ஏழு ஆட்டங்களையும் பலகையில் வைத்து நாங்கள் பார்த்தோம். இரண்டில் அவனுக்கு ஒரு சிப்பாய் மிச்சம். ஒன்றில் எதிராளியின் யானை மூலையில் அடைபட்டுக் கிடந்தது. அவற்றைக் கைவிட்டிருந்தால் ஏழும் தோல்வியாகப் பதிவாகி, பொய்யான எண் ஒன்று உண்மைபோல் நிலைத்திருக்கும். பரமக்குடியில் ஒரு பையன் பதிலுக்குக் காத்திருப்பான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கெடு தவறிய தோல்வியைப் பற்றி எங்களுக்கே ஒரு தீராத குறை உண்டு. விண்கோள் தொடர்பு இருந்த காலத்தில், புயல்மழையில் இணைப்பு நாள்கணக்கில் அற்றுப்போகும். மூன்று நாள் கெடுவில் ஆடிய எங்கள் ஆட்டங்கள் எத்தனையோ, வெல்லும் நிலையில் இருந்தவைகூட, அவ்வாறு பறிபோயின. ஒரு மழைக்காலத்தில் எங்கள் நால்வர் எண்ணும் ஒன்றாக இறங்கிற்று. நால்வருக்கும் ஒரே வாரத்தில் மூளை மழுங்கிவிட்டதா என்ன? தரப்புள்ளிக் கணக்குக்குத் தோல்வி என்ற ஒரு சொல்தான் தெரியும். ராஜா கட்டுண்டதா, கடல் கொந்தளித்ததா என்று அது கேட்பதில்லை. விடுப்பு எழுதிக் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் வசதி அனைத்துலகக் கூட்டமைப்பிலும் சில தளங்களிலும் உண்டு என்பதை இளைஞர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நலம். மழைக்காலத்தில் ஏழு நாளுக்குக் குறைந்த கெடுவை நாங்கள் ஒப்புக்கொள்வதேயில்லை.

இனி, எஞ்சின் பற்றிய விவகாரம். கணிப்பொறியில் இயங்கும் சதுரங்க எஞ்சின் இன்று எந்த மனிதரையும் வெல்லும். தனியறையில் நாள்கணக்கில் யோசிக்கும் ஆட்டத்தில், எதிராளி அதன் துணையை நாடவில்லை என்று எவர் காவல் இருப்பது? அனைத்துலக அஞ்சற் சதுரங்கக் கூட்டமைப்பு எஞ்சினை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பொதுத் தளங்கள் பலவற்றிலோ, தபால் ஆட்டத்தில் தொடக்க நகர்த்தல் நூல்களைப் புரட்டலாம், எஞ்சினைத் தொடலாகாது. தொட்டவர் பிடிபட்டால் கணக்கு மூடப்படும். அவரிடம் தோற்றவர்க்கு இழந்த புள்ளியைத் திருப்பித் தரும் வழக்கமும் அத்தளங்களில் உண்டு. இதனால் ஒன்று விளங்கும். முன்னதில் கிடைக்கும் எண், ஒருவர் எஞ்சினோடு கூடி எவ்வளவு பொறுமையாய் ஆராய்கிறார் என்பதை அளக்கிறது. பின்னதில் கிடைப்பது, அவரும் அவருடைய நேர்மையும் சேர்ந்த எண்.

எஞ்சின் அனுமதிக்கப்பட்ட இடத்தில் வேறொரு சிக்கலும் நேர்ந்தது. இருபுறமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் பெரும்பாலும் சமநிலையிலேயே முடியும். மேல்வரிசை ஆட்டங்களில் மிகப் பெரும்பான்மை இன்று அவ்வாறே முடிகின்றன. மேலே சொன்ன தட்டை நினைத்துப் பாருங்கள். 2400 உடையவர் 2200 உடையவரோடு ஆடி ஒவ்வொரு முறையும் சமன் செய்தால், ஒவ்வொரு முறையும் அவர் ஐந்து புள்ளி இழப்பார். தவறு ஒன்றும் செய்யாமலே இழப்பார். சமநிலை என்பதைப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று எலோ முறை கொள்வதால் வந்த வினை இது. மேற்சொன்ன கிளிக்மனே இதனை ஆராய்ந்தார். ஆடுவோர் வலிமை ஏற ஏறச் சமநிலையின் வாய்ப்பும் ஏறும் என்பதைக் கணக்கிலேயே சேர்த்துப் புதிய முறை ஒன்றை வகுத்து, அதனை அனைத்துலக அஞ்சற் சதுரங்கக் கூட்டமைப்பின் ஆட்டங்களைக் கொண்டே பொருத்திக் காட்டினார். எங்கள் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. அக்கட்டுரையின் கணிதம் எங்களுக்கு எட்டவில்லை. கருத்து எட்டிற்று.

ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு ஒப்பிடுவதும் வீண் வேலை. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டிருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவர். ஒரு தளத்தில் 1700 பெற்றவர் மற்றொரு தளத்தில் 1500-ஆக இருப்பார். நேரில் ஆடும் ஃபிடே போட்டியில் வேறொன்றாக இருப்பார். யாரோடு யார் ஆடினர் என்னும் கூட்டத்துக்குள் மட்டுமே அவ்வெண் செல்லும். கணக்கை வைத்திருப்போரே எண்ணை மாற்றவும் செய்வர். 2024 மார்ச்சு 1-ஆம் நாள் ஃபிடே ஒரு திருத்தம் செய்தது. 2000-க்குக் கீழே இருந்த அனைவருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு கூட்டப்பட்டது. 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700 ஆனார். ஒரே இரவில், பலகையைத் தொடாமலே! மேஸ்திரிக்கு இச்செய்திதான் மற்றெல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. "அரசாங்கம் பஞ்சப்படி ஏற்றினாற்போலவா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் பையன் அவ்வாரத்தில் முதன்முறையாகப் பார்த்திருப்பான்.

இவ்வெண் இல்லாத காலத்திலும் சதுரங்கம் இருந்தது. பர்மாவின் டாங்கூவில் 1935-இல் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவல் ஆரோன், 1961-இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனார். அப்பொழுது ஃபிடேயிடம் தரப்புள்ளி என்பதே கிடையாது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில், உலகின் முன்னணியில் இருந்த போர்ட்டிஷையும் ஊல்மனையும் அவர் வென்றார். எண் இருந்திருப்பின், அன்று ஆரோன் தட்டில் வைத்திருக்க வேண்டியது சொற்பமாகவே இருந்திருக்கும். எடுத்துச் சென்றிருப்பதோ தட்டு முழுவதும். மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2006-இல் 2800-ஐத் தொட்டதும், அந்தத் தட்டில் ஆண்டுக்கணக்கில் அவர் சிறுகச் சிறுகச் சேர்த்ததன் பயன். எலோ தம் முறையைப் பற்றிக் கூறியதாக ஓர் உவமை வழங்குகிறது: அலையில் எழுந்து தாழும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய முழக்கோலால் அளப்பது போன்றது அது என்பதாம். துறைமுகத்தில் படகு கட்டுவதைத் தினமும் பார்க்கும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

பையன் ஏழு ஆட்டங்களையும் விடாமல் ஆடினான். தகப்பனார் ஒரு நிபந்தனை விதித்தார்: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம், அதற்கு மேல் கைப்பேசி கிடையாது. நாள்கணக்கில் கெடு உள்ள ஆட்டத்துக்கு அரைமணி தாராளம். இதை எழுதும்போது ஏழில் நான்கு முடிந்திருக்கின்றன. இரண்டில் வெற்றி, ஒன்று சமநிலை, ஒன்றில், அடைபட்டுக் கிடந்த அந்த யானை எப்படியோ வெளியே வந்து அவனைத் தோற்கடித்துவிட்டது. எண் 1400-ஐத் தாண்டி ஆடிக்கொண்டிருக்கிறது.

மாமன் மகனோடு ஆடும் ஆட்டம் முப்பத்தெட்டாம் நகர்த்தலில் இருக்கிறது. ஆளுக்கொரு யானை, அங்கே நான்கு சிப்பாய், இங்கே மூன்று. தாயார் ஊரில் உள்ள தம் அண்ணியிடம் பேசும்போதெல்லாம், "உங்கள் பிள்ளையை அந்த ஓரத்துச் சிப்பாயை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணி," என்று கேலி செய்கிறாராம். மேஸ்திரி சதுரங்கம் அறியாதவர். ஆயினும் எங்கள் பழைய பலகை ஒன்றை வாங்கிச் சென்று, அவ்வாட்டத்தை அதில் வைத்துக் கூடத்து அலமாரியின் மேல் நிறுத்தியிருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அதனெதிரே சற்று நிற்கிறார். நேற்றுப் பையன் யானையை ஏழாம் வரிசைக்கு ஏற்றியிருக்கிறான். பரமக்குடியிலிருந்து பதில் வர இன்னும் இரண்டு நாள் கெடு இருக்கிறது.